காயம் பட்ட செடி தன் பாதுகாப்பை அணைப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்த காலத்திலும், ஓய்வு பெற்ற பின்னர் கமக்காரர்களோடு தோட்டக் கரைகளில் நின்று கதைக்கும்போதும், ஒரே வகையான சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தன. காயம் பட்ட செடியில் ஓமோன் உருவாகிப் பாதுகாப்புத் தொடங்குகிறது என்பதைப் பலரும் படித்திருக்கிறார்கள். அது எப்படி ஓய்கிறது என்பதைக் கேட்டால்தான் தயங்குகிறார்கள். கேட்டவர்களின் சொற்களை மாற்றாமல் கேள்விகளையும், என்னால் இயன்ற அளவு தெளிவாகப் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. சேர், இலை கிழிஞ்சவுடன செடிக்குள்ளை என்ன நடக்குது? முதல் அதைச் சொல்லுங்கோ.

இலை கிழிபட்டதும் பச்சையவுருமணிகளின் மென்சவ்வுகளில் உள்ள லினோலெனிக் அமிலம் என்ற 18 காபன் கொழுப்பமிலம் விடுபட்டு, பல நொதியங்களின் வழியே மாறிச் சென்று, 12 காபன் கொண்ட ஜஸ்மோனிக் அமிலமாகிறது. இதன் மெதைல் எசுத்தர் 1962 இல் மல்லிகை இன எண்ணெய் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதனால் இந்தப் பெயர் வந்தது. பாதுகாப்பைத் தூண்டுவது இந்த அமிலம் அன்று. அது ஐசோலியூசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்து உண்டாகும் சேர்வையே அந்த வேலையைச் செய்கிறது. இந்தச் சேர்வையைக் கீழே 'இணைவடிவம்' என்று குறிப்பிடுகிறேன்.

காயமில்லாத கலத்தின் கருவினுள், பாதுகாப்புப் பரம்பரையலகுகளை இயக்க வல்ல மைக்-2 என்ற புரதத்தை, ஜாஸ் எனப்படும் அடக்கிப் புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. ஜாஸ் புரதங்கள் 2007 இல்தான் இனங்காணப்பட்டன. இணைவடிவம் உருவானதும் அது கொய்-1 என்ற புரதத்துக்கும் ஜாஸுக்கும் இடையில் பசைபோல அமர்ந்து இரண்டையும் ஒட்டவைக்கிறது. ஒட்டுப்பட்ட ஜாஸில் அழிவுக்குறி இடப்பட, கலத்தின் புரதச் சிதைப்பான் அதைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. கட்டவிழ்ந்த மைக்-2 பாதுகாப்புப் பரம்பரையலகுகளைத் தட்டியெழுப்புகிறது. அவற்றின் விளைபொருள்களுள் பேர்பெற்றவை, புழுவின் குடலில் புரதம் சமிபாடடைவதைக் குழப்பும் தடுப்பான்கள். தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகளை வண்டு கடித்த பின்னர் இத்தகைய தடுப்பான் செடி முழுவதும் சேர்வதை 1972 இல் கிறீன், றயன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

2. நல்ல பாதுகாப்புத்தானே, அதை ஏன் நிப்பாட்டோணும்? அப்பிடியே வைச்சிருந்தால் என்ன?

வைத்திருந்தால் செடி வளராது, விதையும் வைக்காது. அரபிடொப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் ஜாஸ் வகைகள் 13 உண்டு. அவற்றுள் 10 ஐ நீக்கிய செடியைப் பற்றிய ஆய்வு 2018 இல் வெளியானது. அந்தச் செடி புழுவை நன்றாகவே எதிர்த்தது. ஆனால் மெதுவாக வளர்ந்தது, விதையும் குறைந்தது, ஒளித்தொகுப்பில் கிடைத்த காபன் போதாமல் பட்டினி கிடப்பதற்கான அடையாளங்களையும் காட்டியது. பதினோராவது ஜாஸையும் நீக்கியபோது முளைக்கத்தக்க விதை கிடைப்பதே அரிதாகிவிட்டது.

ஒரு வருடம் மாணவர்களோடு யோகட் கோப்பைகளில் கத்தரிக் கன்றுகளை இரண்டு வரிசையாக வளர்த்தோம். ஒரு வரிசையின் இலைகளைச் சாமணத்தால் நாளுக்கு ஒரு தடவை நசித்தோம், மற்றதைத் தொடவில்லை. சில கிழமைகளில் நசித்த வரிசை குறளாய் நின்றது. இலைப்பரப்புக் குறைந்ததனால்தான் வளர்ச்சி குறைந்தது என்று ஒரு மாணவி சொன்னாள்; எங்களுடைய செய்முறையை வைத்துக்கொண்டு அவளை மறுக்க முடியவில்லை. அதற்கு விடை 2008 இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காயப்படுத்திய அரபிடொப்சிஸ் குறளாகிறது. ஜஸ்மோனிக் அமிலத்தை உருவாக்க முடியாத விகாரச் செடியை அதேபோல் காயப்படுத்தினால் அவ்வாறு குறளாவதில்லை. ஆகவே குறுக்குவது காயம் மட்டுமன்று, கலப்பிரிவைத் தடுக்கும் ஓமோனும்தான். போன்சாய் மரங்களை ஓயாமல் கிள்ளிக் குறளாக வைத்திருப்பதிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கக்கூடும் என்பதனால், இதைப் போன்சாய் விளைவு என்று சொல்வாரும் உண்டு.

3. அப்ப ஆர் நிப்பாட்டுறது? காயம் ஆறினால் தானாய் நிண்டிடுமோ?

காயம் ஆறும்வரை செடி காத்திருப்பதில்லை. நான் வகுப்பில் அதிக நேரம் செலவிட்டது இந்த இடத்தில்தான்: நிறுத்துவதற்கான கட்டளை, தொடங்கும் கட்டளையோடு சேர்ந்தே எழுதப்படுகிறது. மைக்-2 விடுபட்டதும் தட்டியெழுப்பும் பரம்பரையலகுகளுள் தடுப்பான்களுக்கானவை மட்டுமன்றி, தன்னைக் கட்டிவைத்த ஜாஸ் புரதங்களுக்கானவையும், இணைவடிவத்தைச் சிதைக்கும் நொதியங்களுக்கானவையும், தன்னோடு போட்டியிடும் வேறு புரதங்களுக்கானவையும் இருக்கின்றன. காயம் பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே இவற்றின் ஆர்.என்.ஏ. பிரதிகள் பெருகியிருப்பதைக் காணலாம்.

வீட்டு மேல்நிலைத் தாங்கியின் மிதவையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நிறுத்துவதற்கு வெளியிலிருந்து ஒருவரும் வருவதில்லை. உள்ளே வரும் தண்ணீரே மிதவையை உயர்த்தி வாயை அடைக்கிறது. ஆனால் இந்த உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். தாங்கிக்கு ஒரு மிதவை. செடிக்கோ வெவ்வேறு வேகத்தில் இயங்கும் பல மிதவைகள். அவற்றை அடுத்த நான்கு பதில்களில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

4. உண்டான ஓமோன் எங்கை போகுது? ஆவியாய்ப் போயிடுமோ?

மெதைல் எசுத்தராக மாறிய ஒரு சிறு பகுதி காற்றில் கலப்பது உண்மை. அந்த மணத்தை ஏற்ற தக்காளிச் செடிகள் காயம் படாமலேயே தடுப்பான்களை உருவாக்கியதை 1990 இல் ஃபாமரும் றயனும் காட்டினார்கள். ஆனால் இணைவடிவம் மறைவதற்கு அது காரணமன்று. சைற்றோகுரோம் பீ-450 குடும்பத்து நொதியங்கள் அதன் பன்னிரண்டாவது காபனில் முதலில் ஓர் ஐதரொட்சில் கூட்டத்தை ஏற்றுகின்றன. பின்னர் அதே காபனை மேலும் ஒட்சியேற்றிக் காபொட்சில் ஆக்குகின்றன. ஒவ்வொரு படியிலும் கொய்-1 ஐயும் ஜாஸையும் ஒட்டவைக்கும் வலு குறைகிறது. வேறு இரு நொதியங்கள் ஐசோலியூசினை வெட்டி நீக்கி, இணைவடிவத்தைப் பழையபடி இரண்டு துண்டாக்குகின்றன. இன்னும் ஒரு கூட்டம் ஐசோலியூசினோடு இணைய முன்னரே ஜஸ்மோனிக் அமிலத்தைப் பிடித்து ஐதரொட்சில் ஏற்றிவிடுகிறது. இது மூலப்பொருளையே குறைத்துவிடும் வழி, 2017 இல்தான் தெளிவானது.

ஐதரொட்சில் ஏறிய ஜஸ்மோனிக் அமிலத்துக்கு 'கிழங்கமிலம்' என்று பொருள்படும் ரியூபரோனிக் அமிலம் என்ற பெயரும் உண்டு. உருளைக்கிழங்கு இலையில், கிழங்கு உருவாவதைத் தூண்டும் பொருளாக இதன் குளுக்கோசைட்டு (குளுக்கோசு சேர்ந்த வடிவம்) 1989 இல் இனங்காணப்பட்டதே அதற்குக் காரணம். செம்மண் நிலத்தில் மாரிக்கு உருளைக்கிழங்கு போடும் நம்மவர்களுக்கு இது சுவையான செய்தி: இலையில் ஓய்ந்துபோன ஓர் எச்சரிக்கையின் எச்சம் என்று நாம் நினைக்கும் பொருள், இன்னோரிடத்தில் தனக்கென ஒரு வேலை வைத்திருக்கிறது.

5. அந்த நொதியங்களை இல்லாமல் செய்தால் பாதுகாப்பு நெடுகலும் இருக்கும்தானே?

நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். இணைவடிவத்துக்கு ஐதரொட்சில் ஏற்றும் நொதியங்கள் இல்லாத அரபிடொப்சிஸ் செடிகளில், காயத்தின் பின்னர் இணைவடிவம் எதிர்பார்த்தபடியே மிகுதியாகத் தேங்கியது. ஆனால் பாதுகாப்பு கூடுவதற்குப் பதிலாகப் பல விடயங்களில் குறைந்தது. பூச்சிக்கும் அந்தச் செடிகள் எளிதில் இரையாகின.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு; இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். இணைவடிவம் குறையாமல் நிற்கும்போது ஜாஸ் முதலிய மற்றைய தடைகளைச் செடி கூட்டிவிடுகிறது என்பது ஒன்று. முதற்படியில் உண்டாகும் ஐதரொட்சில் வடிவம் வெறும் கழிவன்று, மெல்லிய அளவில் அதுவும் கொய்-1 ஐ இயக்கக்கூடியது, ஆகவே அது இல்லாமற்போவதும் ஓர் இழப்பு என்பது மற்றையது. விளக்கை 'டப்' என்று அணைப்பதற்கும் திரியைப் படிப்படியாக இறக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. செடி திரியை இறக்குகிறது.

6. ஓமோன் இருக்கேக்கை புதுசா வாற ஜாஸையும் அது அழிச்சுப்போடும். பிறகு என்னெண்டு நிக்கும்?

வகுப்பில் யாராவது இதைக் கேட்டால் எனக்கு அந்த நாளே நல்ல நாள். முதலாம், மூன்றாம் பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பவருக்கு வரவேண்டிய சந்தேகம் இது: இணைவடிவம் ஜாஸை அழிக்கிறது என்றால், அது இன்னும் மீதமிருக்கும்போது புதிதாக ஜாஸ் செய்து என்ன பயன்?

பயன் இருப்பதற்குக் காரணம், புதிதாக வரும் ஜாஸ் எல்லாம் பழைய அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. கொய்-1 பிடிப்பதற்கு ஜாஸின் வால்பக்கத்தில் ஒரு சிறு பகுதி வேண்டும். ஜாஸ்-10 இன் ஆர்.என்.ஏ. பிரதி வெட்டி ஒட்டப்படும்போது, சில வேளைகளில் அந்தப் பகுதி இல்லாமலே புரதம் உருவாகிறது. பிடி அறுந்த கடகத்தைத் தூக்குவது எப்படி? கொய்-1 க்கும் அதே நிலைதான். இணைவடிவம் எவ்வளவு இருந்தாலும் இந்தக் குறை ஜாஸை அது அழிக்க முடிவதில்லை. ஆனால் மைக்-2 ஐப் பிடிக்கும் மற்றைய பகுதி அந்தப் புரதத்தில் இருப்பதால், அது தன் அடக்கும் வேலையைச் செய்கிறது. ஜாஸ்-8 இலோ இயல்பிலேயே அந்தப் பிடி சரியாக அமைந்திருப்பதில்லை.

இப்படிப்பட்ட குறை ஜாஸ் மட்டுமீறி உருவானால், பாதுகாப்பு தொடங்க முன்னரே அணைந்துவிடுமல்லவா? மைக்-2 க்குத் துணைநின்று பரம்பரையலகுகளை இயக்கும் மெட்-25 என்ற புரதமே, ஆர்.என்.ஏ. முறையாக வெட்டி ஒட்டப்படுவதையும் மேற்பார்வை செய்து குறை ஜாஸின் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பதாக 2020 இல் காட்டப்பட்டது.

7. மைக்-2 ஐ நேரடியாய் ஒருத்தரும் தடுக்கிறேல்லையோ?

தடுக்கிறார்கள். தக்காளியில் எம்.ரி.பி.-1, 2, 3 என்ற மூன்று புரதங்களைப் பற்றி 2019 இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக விளக்குகிறது. இவற்றை உருவாக்கும்படி கட்டளையிடுவதே மைக்-2 தான்; உருவான பின்னர் இவை இரண்டு வகையில் அதன் காலை வாருகின்றன. மைக்-2 தன் துணையான மெட்-25 உடன் சேர்வதைக் குலைப்பது ஒன்று; மைக்-2 சென்று அமரவேண்டிய டி.என்.ஏ. இருக்கைகளில் முந்திப்போய் அமர்வது மற்றொன்று. அரபிடொப்சிஸில் ஜாம் எனப்படும் புரதங்கள் இதைப்போன்ற போட்டியாளர்கள்.

இவற்றோடு, மைக்-2 புரதமே நெடுநேரம் வாழ்வதில்லை. அது வேலை செய்வதற்கு ஏற்ற வகையில் பொசுபேற்று ஏற்றப்படுவதும் அது சிதைக்கப்படுவதும் ஒன்றோடொன்று பிணைந்த நிகழ்ச்சிகள் என்று 2013 இல் காட்டப்பட்டது. அதாவது, வேலை செய்த மைக்-2 அகற்றப்படுகிறது. அடுத்த வேலைக்குப் புதிய மைக்-2 வர வேண்டும்.

8. எல்லாம் முடிய எத்தினை மணித்தியாலம் எடுக்கும்?

எது முடிய என்று முதலில் கேட்க வேண்டும். அரபிடொப்சிஸ் இலையில் காயம் பட்ட சில நிமிடங்களிலேயே இணைவடிவம் உயரத் தொடங்குகிறது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் உச்சத்தைத் தொட்டு, அடுத்த சில மணித்தியாலங்களில் பெருமளவு இறங்கிவிடுகிறது. ஐதரொட்சில் வடிவத்தின் உச்சம் அதற்குப் பின்னர் வருகிறது, காபொட்சில் வடிவத்தினுடையது இன்னும் பிந்தி வருகிறது. நான்காம் பதிலில் சொன்ன ஒழுங்கு நேரத்திலும் அப்படியே தெரிகிறது.

ஆனால் அந்தச் சில மணித்தியாலங்களில் உருவான தடுப்பான் புரதங்கள் இலையில் நாட்கணக்கில் இருக்கும். சமிக்ஞை அணைவது வேறு, அதன் விளைபொருள் தீர்வது வேறு. அதற்கும் அப்பால், புழு தின்ற தக்காளி, அரபிடொப்சிஸ் செடிகளின் விதையிலிருந்து வந்த கன்றுகள் புழுவைக் கூடுதலாக எதிர்த்ததாக 2012 இல் ஓர் ஆய்வு சொன்னது. அணைத்த பின்னரும் ஏதோ ஓர் ஆயத்தநிலை மிஞ்சுகிறது.

9. கத்தி வெட்டும் ஆட்டுக்கடியும் புழு அரிக்கிறதும் செடிக்கு ஒண்டுதானோ?

கொக்கத்தடியால் ஆட்டுக்குக் குழை முறிப்பவர் ஒரு கிளையை ஒரே தடவையில் முறித்துவிட்டுப் போய்விடுகிறார். மயிர்க்கொட்டியோ மணிக்கணக்காக ஒரே இலையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை பட்ட காயத்துக்கு எட்டாம் பதிலில் சொன்ன ஏற்றமும் இறக்கமும் ஒரு தடவைதான். தொடர்ந்து அரிக்கும்போது ஒவ்வொரு கடியும் புதிய ஏற்றத்தைத் தொடக்கிவிடுவதால், அணைக்கும் பொறிகள் வேலை செய்தபடியே இருந்தும் மட்டம் இறங்குவதில்லை.

இதை அழகாகச் சோதித்தது 2005 இல் வெளியான ஜேர்மன் ஆய்வு ஒன்று. புழுவைப்போல இலையைக் கணத்துக்குக் கணம் குத்திக்கொண்டேயிருக்கும் ஒரு சிறு பொறியை லைமா அவரை இலையில் பூட்டினார்கள். உமிழ்நீர் ஒரு துளியும் இல்லாமலே, புழு தின்றால் வரும் மணங்களைப் போன்றவற்றைச் செடி வெளிவிட்டது. ஒரே தடவை பட்ட காயத்தால் அது நடப்பதில்லை. உமிழ்நீருக்கு வேலையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். அதன் வேலையைப் பதினோராம் பதிலில் சொல்கிறேன்.

10. மாஸ்டர், புகையிலைக்கு நுனி முறிச்சால் காரம் ஏறுது. அது சில மணித்தியாலத்தில இறங்கிறேல்லையே?

புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் இதைக் கேட்டபோது, எட்டாம் பதிலை நம்பியிருந்த எனக்குச் சற்றுத் திகைப்புத்தான். காரத்துக்குக் காரணமான நிக்கொட்டின் இலையில் உண்டாவதில்லை. வேரில் தொகுக்கப்பட்டு, காழின் வழியே நீரோடு மேலேறி இலையில் சேர்கிறது. காயத்தின் ஜஸ்மோனேற்றுச் சமிக்ஞை (ஜஸ்மோனிக் அமிலத்தையும் அதன் வடிவங்களையும் சேர்த்து ஜஸ்மோனேற்று என்கிறோம்) வேரில் அந்தத் தொகுப்பைத் தூண்டுகிறது.

நுனியை முறிக்கும்போது இரண்டு காரியங்கள் ஒருங்கே நடக்கின்றன. காயம் படுவது ஒன்று. ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனை உருவாக்கிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்த குருத்து இல்லாமற்போவது மற்றொன்று. நிக்கொட்டின் தொகுப்புக்கு ஒட்சின் ஒரு தடை. காயத்தின் ஏற்றம் சில மணித்தியாலங்களில் ஓய்ந்தாலும் தடை திரும்பி வராததால் தொகுப்புத் தொடர்கிறது. முறித்த நுனியில் ஒட்சினைப் பூசினால் நிக்கொட்டின் அவ்வளவாக ஏறுவதில்லை என்பது இதை உறுதிப்படுத்துகிறது. பக்கத்தில் வெடிக்கும் கிளைகளைத் தோட்டக்காரர் விடாமல் கிள்ளுவதன் பயனும் இதிலிருந்து விளங்கும்: ஒவ்வொரு பக்கக் கிளையின் நுனியும் ஒரு புதிய ஒட்சின் ஊற்று.

11. புழுவும் வெள்ளை ஈயும் தாங்களே இதை நிப்பாட்டுமாமே, உண்மையோ?

உண்மை. அமெரிக்கச் சோளப் புழு ஒன்றின் உமிழ்நீரில் உள்ள குளுக்கோசு ஒட்சிடேசு என்ற நொதியம் புகையிலையில் நிக்கொட்டின் ஏறுவதை அடக்குவதாக 2002 இல் காட்டப்பட்டது. வெள்ளை ஈ வேறு வழியைக் கையாளுகிறது. அது இலையை அரிப்பதில்லை. ஊசிபோன்ற வாயால், உணவைக் கடத்தும் இழையமான உரியத்தைத் தேடி உறிஞ்சுகிறது. அப்போது செடியில் சலிசிலிக் அமிலம் என்ற இன்னொரு பாதுகாப்பு ஓமோனின் வழி கிளர்ந்து, ஜஸ்மோனேற்று வழி தாழ்கிறது. இந்த இரண்டு வழிகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று அமுக்குபவை.

செடி தானாகவே பாதியில் நிறுத்தும் இடமும் உண்டு. காட்டுப் புகையிலை இனம் ஒன்றில், நிக்கொட்டினைத் தாங்கி வாழும் கொம்புப் புழு தின்னும்போது எதிலீன் என்ற வாயு ஓமோன் பெருகி, நிக்கொட்டின் ஏறுவதை மட்டும் அடக்குகிறது. புழுவின் எதிரிப் பூச்சிகளை அழைக்கும் மணங்கள் தொடர்ந்து வெளிவருகின்றன. அந்தப் புழுவிடம் பலிக்காத ஆயுதத்துக்குச் செடி செலவு செய்யாமல் விடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். புழு செடியை ஏமாற்றுகிறது என்றும் இதே தரவைப் படிக்கலாம். முதல் விளக்கமே எனக்குக் கூடுதலாகப் பொருந்தித் தெரிகிறது, மணம் நிற்காதபடியால்.

12. அஸ்பிரின் குளிசையைக் கரைச்சு ஊத்தினால் செடிக்கு நல்லம் எண்டு சொல்லுறாங்கள். ஊத்தலாமோ?

எதற்கு நல்லது என்பதைப் பொறுத்தது. அஸ்பிரின் சலிசிலிக் அமிலத்தின் உறவு. உயிருள்ள கலங்களிலிருந்து உணவெடுக்கும் சில நோய்க்கிருமிகளுக்கு எதிராகச் சலிசிலிக் அமில வழி உதவுவது உண்மையே. ஆனால் பதினோராம் பதிலில் சொன்னபடி, அது ஜஸ்மோனேற்று வழியை அமுக்கும். தக்காளியில் காயத்தின் பின்னர் தடுப்பான்கள் உருவாவதை அஸ்பிரின் தடுத்துவிடுகிறது என்பது 1988 இலேயே காட்டப்பட்டுவிட்டது. புழு விழுந்திருக்கும் தக்காளிக்கு அஸ்பிரின் ஊற்றுபவர் செடியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். பனடோல் ஊற்றியதாகவும் ஒருவர் சொன்னார். அது பரசிற்றமோல், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று.

13. நெருக்கி நட்ட பாத்தியில பூச்சி கூட. செடிக்குச் செடி பரவுறதாலதானே?

பரவுவதும் ஒரு காரணம். ஆனால் அது முழுக் கதையன்று. அயற்செடியின் இலையில் பட்டு வரும் ஒளியில் சிவப்பு குறைந்து, தொலைச்சிவப்பு மிஞ்சியிருக்கும். பைற்றோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் இதைக் கண்டுகொண்டதும் செடி நிழலை வெல்ல நெட்டுயர்ந்து வளரத் தொடங்குகிறது. அதோடு ஜஸ்மோனேற்றுப் பாதுகாப்பையும் தணித்துவிடுகிறது. அது நடக்கும் வழிகளுள் ஒன்று 2020 இல் வெளியானது: நான்காம் பதிலில் வந்த ஐதரொட்சில் ஏறிய ஜஸ்மோனிக் அமிலத்தின்மேல் சல்பேற்று ஏற்றும் நொதியம் நிழலில் பெருகி, ஜஸ்மோனேற்றை அந்தப் பக்கமாக இழுத்துக் குறைத்துவிடுகிறது. காயத்துக்குப் பின்னர் அணைக்கும் அதே குழாய்வழியை, நிழல் காயத்துக்கு முன்னரே திறந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் பதிலைப் படித்தவர், பாதுகாப்புக்குச் செலவு போனதால் வளர்ச்சிக்குக் காணவில்லை என்று கணக்குப் போடக்கூடும். 2016 இல் ஐந்து ஜாஸ்களையும் பைற்றோகுரோம்-பீ ஐயும் ஒருங்கே இழந்த அரபிடொப்சிஸ் செடி ஒன்று நன்றாக வளர்ந்தபடியே புழுவையும் எதிர்த்தது. ஆகவே வளர்ச்சி குறைவது முழுவதும் பற்றாக்குறையால் அன்று. பாதுகாப்பு எழுந்தால் வளர்ச்சி தாழட்டும் என்று செடிக்குள் எழுதிவைக்கப்பட்ட ஓர் ஏற்பாடும் அதில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டை அவிழ்த்தால் இரண்டும் ஓரளவு சேர்ந்து நடக்கும்.

14. தொட்டாற்சிணுங்கி திரும்ப விரியிறதும், பனம்பாளையைத் திரும்பத் திரும்பச் சீவுறதும் இதுதானோ?

இரண்டும் வேறு. தொட்டாற்சிணுங்கி சுருங்குவதும் விரிவதும் இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்புக் கலங்களிலிருந்து நீர் வெளியேறுவதாலும் மீள்வதாலும் நிகழ்பவை. பனம்பாளையை நாளாந்தம் சீவுவது, வெட்டுவாயில் உரியக் குழாய்கள் அடைபட்டுப் பதநீர் நிற்காமல் இருப்பதற்காக.

15. கடைசியாய்: ஓமோனை நாங்களே விசிறி, நிப்பாட்டாமல் வைச்சிருக்கலாமோ?

விசிறலாம், தோட்டத்தில் விசிறியும் பார்த்திருக்கிறார்கள். 1999 இல் வெளியான கலிபோர்னியத் தக்காளித் தோட்டச் சோதனையில், ஜஸ்மோனிக் அமிலம் விசிறிய செடிகளில் இருந்த புழுக்கள் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குக் கூடுதலாக இரையாகின. ஆனால் விசிறுவது மூன்று முதல் ஏழு வரையான பதில்களில் சொன்ன எல்லா மிதவைகளையும் சேர்த்தே உயர்த்தும். அதனால் ஒரு தடவை விசிறினால் நெடுகலும் நிற்காது. அடிக்கடி விசிறினால் இரண்டாம் பதிலில் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும். ஜஸ்மோனிக் அமிலம் ஏற்ற தக்காளிச் செடிகள் குறைவாகக் காய்த்ததையும், பழங்கள் பிந்திப் பழுத்ததையும், பழத்துக்குள் விதைகள் குறைந்ததையும் 2001 இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

தொடக்கும் பக்கத்தை விட்டு அணைக்கும் பக்கத்தில் கைவைப்பதுதான் இப்போது ஆய்வாளர்கள் நாடும் வழி. ஏழாம் பதிலில் வந்த எம்.ரி.பி. பரம்பரையலகுகளைக் கிறிஸ்பர் என்ற பரம்பரையலகுத் திருத்த முறையில் வெட்டிய தக்காளி காயத்துக்குக் கூடிய பாதுகாப்பைக் காட்டியது. காயம் படாத வேளையில் ஜாஸ் தன் இடத்திலேயே இருப்பதனால், அந்தச் செடியில் பாதுகாப்பு எப்போதும் எரிந்துகொண்டிருப்பதில்லை. எழும்போது கூடுதலாக எழுகிறது. ஐந்தாம் பதிலில் நொதியத்தை நீக்கியபோது எதிர்மாறாக நடந்ததை நினைத்தால், எந்த மிதவையில் கைவைக்கிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது என்பது விளங்கும். விசிற வேண்டுமா என்று என்னிடம் கேட்டவருக்கு, அவருடைய தக்காளிப் பாத்தியின் இடைவெளியை முதலில் அளந்து பார்க்கச் சொன்னேன்.